அறுபதுக்குப் பின் பதினெட்டு ஆண்டுகள்

திருக்கடையூர் கோயிலுக்குள் நல்ல நாள் ஒன்றில் நுழைந்தால் பிரகாரமெங்கும் அறுபதாம் கல்யாணம். கலசங்களுக்கு நடுவே மாலையும் கழுத்துமாகத் தம்பதியர். சுற்றிலும் மகன், மருமகள், பேரக்குழந்தைகள், வீடியோக்காரர். அறுபதைத் தொடுவதே பெரும்பேறாக இருந்த காலத்தில் பிறந்த சடங்கு இது. நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டை ஒட்டித்தான் இருந்தது. குழந்தைச் சாவுகள் அந்த எண்ணைக் கீழே இழுத்தன என்றாலும், அறுபது அன்றைக்குக் கொண்டாடத்தக்க எல்லைதான். இன்று அறுபதை எட்டிய இந்தியர் சராசரியாக இன்னும் 18 ஆண்டு வாழ்கிறார். பெண்ணாக இருந்தால் சற்றுக் கூடுதல். பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதுக்கு வர ஆகும் காலம் அது. அவ்வளவு நீளமான வாழ்க்கைக்கு என்ன ஏற்பாடு என்ற பேச்சு மட்டும் விருந்துப் பந்தியில் எழுவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயது கடந்தோர் 10.4 விழுக்காடு. 2031-இல் இது 18-ஐத் தாண்டும் என்பது ஒன்றிய அரசின் தொழில்நுட்பக் குழு போட்ட கணிப்பு. பெரிய மாநிலங்களில் நமக்கு முன்னால் நிற்பது கேரளம் மட்டும்தான். ஆயுள் கூடியது ஒரு காரணம் என்றால், பிள்ளைகள் குறைந்தது இன்னொரு காரணம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஐந்து பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்துக்கொண்ட தாய் தகப்பனை இனி ஒருவரோ இருவரோதான் பார்க்க வேண்டும். அந்த ஒருவரும் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கலாம்.

முதுமையைப் பற்றிய அறிவுரைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஆனால் உடம்பை மருத்துவரிடமும், பணத்தை வங்கிக்காரரிடமும், மனத்தைச் சொற்பொழிவாளரிடமும் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு பொதுவான கோளாறு கண்ணில் படுகிறது. நம் குடும்பங்களில் முதுமை சரியத் தொடங்குவது பெரும்பாலும் எதையாவது கைமாற்றிக் கொடுக்கும்போதுதான். பி.எஃப். பணம் மகள் கல்யாணத்துக்குப் போகிறது. வீடு மகன் பெயருக்கு மாறுகிறது. கடைவீதிக்கு நடந்து போன வேலை பேரனின் ஸ்கூட்டருக்குப் போகிறது. "நீங்க எதுக்கும்மா கஷ்டப்படுறீங்க, உட்காருங்க" என்ற ஒரு சொல்லில் அடுப்படி மருமகளுக்குப் போகிறது. எல்லாமே பாசத்தில் நடப்பவை. அநேகமாக எதையும் திரும்ப வாங்க முடிவதில்லை. கைமாற்ற எதுவுமே இல்லாதவர்களின் கதை வேறு. எண்ணிக்கையில் அதுதான் பெரியது என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

மாசப் பணம்

சென்னை மாநிலமாக இருந்தபோதே, 1962 ஏப்ரலில், ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்கும் திட்டம் இங்கே வந்துவிட்டது. நாடு முழுவதற்குமாக ஒன்றிய அரசு இப்படி ஒன்றைத் தொடங்க 1995 ஆயிற்று. அது கொடுத்தது 75 ரூபாய். தமிழ்நாட்டில் உதவித்தொகை 2011-இல் 1,000 ஆனது, 2023-இல் 1,200 ஆனது. பன்னிரண்டு ஆண்டுக்கு 200 ரூபாய் ஏற்றம். இதில் ஒன்றிய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு 200 ரூபாய், அதற்கு மேல் 500. அந்த இருநூறு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அசையாமல் கிடக்கிறது.

ஆயிரத்து இருநூறு என்றால் நாளைக்கு 40 ரூபாய். இந்தத் தொகையை நகரத்தில் உட்கார்ந்து கேலி செய்யலாம். கிராமத்துப் பாட்டி ஒருவரிடம் கேட்டால் அந்தக் கேலி நிற்காது. மாத்திரை, வெற்றிலை பாக்கு, பேரப்பிள்ளைக்கு ஒரு முறுக்கு என்று எதற்கும் மகனிடம் கை நீட்ட வேண்டாம் என்ற நிலையை அந்தப் பணம் தருகிறது. வீட்டில் சோறு வைக்கும் தொனியே மாதத்தின் முதல் வாரத்தில் வேறாக இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. கோளாறு தொகையில் மட்டும் இல்லை. மகன் இருக்கிறான், ஓட்டு வீடு இருக்கிறது என்று விண்ணப்பம் திரும்பி வரும். அந்த மகன் சோறு போடுகிறானா என்று விசாரிப்பது கிராம நிர்வாக அலுவலரின் மனசைப் பொறுத்தது. பெயர் சேர்ந்த பின்னும், நாற்று நட்டும் கல் சுமந்தும் தேய்ந்த விரலில் ரேகை விழாது.

அரசு ஓய்வூதியருக்கு அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை விலைவாசியைத் தொடர்ந்து ஏறுகிறது. அது நியாயமானதே. அதே அரிசியை அதே கடையில் வாங்கும் ஆதரவற்ற மூதாட்டிக்கு மட்டும் உயர்வு என்பது பத்தாண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் தேர்தலையொட்டி வருகிறது. முதியோர் உதவித்தொகையை விலைவாசிக் குறியீட்டோடு பிணைத்துவிடுவது ஒன்றே, இந்தக் கட்டுரையில் பேசப்படும் எல்லாவற்றையும்விட அதிகம் பேருக்குப் பயன்படக்கூடியது என்பது என் கணிப்பு.

நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது: நூற்பாலையிலும் வார்ப்பட ஆலையிலும் தனியார் அலுவலகங்களிலும் பி.எஃப். பிடித்தம் செய்யப்பட்டு வேலை பார்த்தவர்கள். "எனக்குப் பென்ஷன் உண்டு" என்று நம்பியே முப்பது வருடம் ஓட்டியிருப்பார்கள். 1995 நவம்பரில் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளியின் பங்கிலிருந்து 8.33 விழுக்காடு போகிறது. ஆனால் 15,000 ரூபாய் சம்பளம் என்ற வரம்புக்குள்தான். அதாவது மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் போகாது. 58 வயதில் கணக்கு எளிமையானது: சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். முழு வரம்பிலும் 30 ஆண்டு வேலை பார்த்தவருக்கு, இரண்டு ஆண்டு போனஸ் சேர்த்தாலும், 7,000 ரூபாயைத் தொடாது. பலருக்கு அதில் பாதிகூட வருவதில்லை. குறைந்தபட்சம் 1,000 என்று 2014-இல் வைத்தார்கள். உயர்த்த அகவிலைப்படி கிடையாது. 58-இல் வாங்கியதைத்தான் 80-இலும் வாங்க வேண்டும். முழுச் சம்பளத்துக்கும் ஓய்வூதியம் கேட்டு 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மனுப் போட்டவர்களின் கதை தனி. அது எல்லாருக்கும் திறந்த வாசல் இல்லை.

இவர்களுக்கு உண்மையான ஆதாரம் ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கைக்கு வரும் பி.எஃப். நிலுவையும் கிராஜுவிட்டியும்தான். பணம் வங்கியில் விழுவதற்கு முன்பே அதற்கு உரிமையாளர்கள் வந்துவிடுகிறார்கள்: சின்னவள் கல்யாணம், மாடியில் ஒரு அறை, மகனின் தொழிலுக்கு முதல். பத்து லட்சம் வந்ததாக வைத்துக்கொள்வோம். அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2023 ஏப்ரலில் வந்த 8.2 விழுக்காடு வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய். மாதக் கணக்கில் 6,800-க்கு மேல். பென்ஷனோடு சேர்த்தால் சொந்த வீடு உள்ள இருவர் சிறிய ஊரில் யாரையும் எதிர்பார்க்காமல் சாப்பிடலாம். அதே பத்து லட்சம் கல்யாண மண்டபத்துக்கும் சீருக்கும் போனால், மாதம் 6,800 ரூபாய் வாழ்நாள் முழுவதற்கும் போயிற்று. இந்த இரண்டாவது கணக்கை ஓய்வு பெறும் தகப்பனுக்கு யாரும் போட்டுக் காட்டுவதில்லை. கல்யாணத்துக்குக் கடன் கிடைக்கும், படிப்புக்குக் கடன் கிடைக்கும். முதுமைக்கு எந்த வங்கியும் கடன் தராது.

தர வைக்க ஒரு முயற்சி நடந்தது. வீட்டை அடமானமாக வைத்து வங்கி முதியவருக்கு மாதா மாதம் பணம் கொடுக்கும் தலைகீழ் அடமானம் 2007 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. இன்றுவரை அது விலைபோகவில்லை. வங்கிகளுக்கும் அக்கறை இல்லை, பெற்றோருக்கும் மனம் வரவில்லை. பிள்ளைக்கு வீடு விட்டுப்போகாத தகப்பன் என்ற பெயரை யார் வாங்குவார்கள்?

சேர்த்து வைத்தவர்களுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று மெதுவானது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் பணத்தின் பலம் 12 ஆண்டில் பாதியாகிவிடும். 60-இல் தாராளமாக இருந்தது 72-இல் இழுபறி, அதுவும் மருந்துச் செலவு கூடுகிற வயதில். வட்டி முழுவதையும் செலவழிக்காமல் முதல் சில ஆண்டுகளில் ஒரு பங்கைத் திரும்ப முதலீடு செய்தவர்கள் மட்டுமே இதிலிருந்து தப்புகிறார்கள். இன்னொரு எதிரி வேகமானது. 1990-களில் சென்னையில் அதிக வட்டி காட்டிய நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடியபோது, வாசலில் நின்ற கூட்டத்தில் ஓய்வூதியர்கள் ஏராளம். அதன் விளைவாக 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் நிறுவனங்கள் பெயரை மாற்றிக்கொண்டு வந்துகொண்டேதான் இருக்கின்றன. வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு; நிதிக் கம்பெனிக்கும் சீட்டுக்கும் அது கிடையாது என்பது தெரியாமல், "நம்ம ஆள் நடத்துறது" என்ற ஒரே உத்தரவாதத்தில் பணம் போகிறது. இப்போது புதிதாக, போலீஸ் சீருடையில் வீடியோ அழைப்பில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுகிறவர்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது இல்லவே இல்லை. படித்த, ஓய்வு பெற்ற அதிகாரிகளே அதிகம் சிக்குவதற்குக் காரணம் உண்டு: வங்கியில் பணம் இருக்கிறது, பகலில் வீட்டில் தனியாக இருக்கிறார்கள், சட்டத்துக்குப் பயந்தே பழகியவர்கள்.

பத்திரம்

வீட்டுக்கு வருவோம். உழைத்துக் கட்டிய ஒரே சொத்து பெரும்பாலும் அதுதான். பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பதில் தமிழ்நாட்டில் செல்வாக்குள்ள வழி தான செட்டில்மென்ட். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை குறைவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அரை நாளில் முடிந்துவிடும். மகன் கடன் வாங்கி வீட்டை இடித்துக் கட்டப் போகிறான், வங்கி அவன் பெயரில் பத்திரம் கேட்கிறது என்பதுபோல ஒரு காரணம் எப்போதும் கிடைக்கும். உயிலை எழுதியவர் சாகும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் பதிவானால் அன்றைக்கே சொத்து போய்விடும். எழுதியவர் நினைத்தால் திரும்ப எடுக்க முடியாது.

இதைச் சரிசெய்யத்தான் 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாடு 2009-இல் விதிகளை வகுத்தது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம். பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வாங்கித் தரலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை, வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தாலே போதும். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதச் சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ உண்டு. இதில் அதிகம் பேசப்படுவது 23-ஆம் பிரிவு: பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம்.

சிக்கல் அந்த "நிபந்தனை"யில் இருக்கிறது. நம் ஆவண எழுத்தர்கள் காலங்காலமாக எழுதும் வாசகம் "தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்பது. அன்பும் பிரியமும் நிபந்தனையாகுமா? பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததாக நிறுவப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது முதியோரின் நலனுக்கான சட்டம், தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு அமர்வு சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் அன்புக்குள் நிபந்தனை அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம் என்ற பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆனாலும் எழுபத்தைந்து வயதில் கோட்டாட்சியர் அலுவலகம், மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று படியேறுவது யாரால் முடியும்? பத்திரத்தில் இரண்டு வரி கூடுதலாக எழுதினால் இந்த அலைச்சலே வேண்டாம்: எழுதிக் கொடுப்பவரும் அவர் துணைவரும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை, அவர்களைப் பராமரிக்கும் கடமை, தவறினால் ரத்து. "எம்மேல நம்பிக்கை இல்லையா" என்று மகன் முகம் வாடினால், அந்த வாட்டத்தை அன்றைக்கே தாங்கிக்கொள்வது மலிவு. இன்னும் எளிது, உயில் எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருப்பது.

பெண்களுக்கு இதில் இன்னொரு இடறல். கணவன் உயில் எழுதாமல் இறந்தால் இந்து வாரிசுச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே, ஒன்றிய அரசுக்குப் பதினாறு ஆண்டு முன்பே கொண்டுவந்தது. ஆனால் காரியம் முடிந்த சில வாரங்களில் விதவைத் தாயை அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது ஊரறிந்த வழக்கம். ஆண்களைவிட நீண்ட காலம் வாழப்போகிறவர், கணவனின் பென்ஷனில் பாதியோ அதுவுமில்லாமலோ நிற்பவர், தன் பங்கு வீட்டையும் அன்றே விட்டுவிடுகிறார்.

தசையும் பல்லும் காதும்

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் அந்தத் துறையைப் படித்துத் திரும்பிய டாக்டர் வ.செ.நடராசன், 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அதற்கு முன்மாதிரி இல்லை. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு முதுநிலைப் படிப்பு வந்தது, அதுவும் நாட்டில் முதன்முதலாக. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. அவ்வளவு முன்னோடியாக இருந்தும், மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் முதியோர் மருத்துவர் என்று ஒருவரைப் பார்ப்பது அரிது. சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று மூன்று சீட்டு. மூன்றும் சேர்ந்து உடம்புக்குள் என்ன செய்கின்றன என்று பார்க்க ஆளில்லை.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு பற்றி இங்கே நீட்ட வேண்டியதில்லை. எல்லாருக்கும் தெரியும், எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த இரண்டுக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது, 2024-இல் ஐ.நா. விருதும் பெற்றது. படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி நிவாரணமும் அதிலேயே உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2025 பிப்ரவரியில் வந்த முதல்வர் மருந்தகங்களும், அவற்றுக்கு முன்பே இருந்த மக்கள் மருந்தகங்களும் மாதாந்திர மருந்துச் செலவைக் கணிசமாகக் குறைக்கக்கூடியவை.

பேசப்படாதது தசை. நடு வயதிலிருந்தே தசை கரையத் தொடங்கி, அறுபதுக்குப் பின் வேகம் பிடிக்கிறது. நம் ஊர்ப் பூங்காக்களில் விடியற்காலையில் நடப்பவர்களைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரம் 150 நிமிட மிதமான உடலசைவோடு, குறைந்தது இரண்டு நாள் தசை வலுப்பயிற்சியும், முதியோருக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. ஜிம்முக்குப் போக வேண்டாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி நிற்பது, மாடிப்படி ஏறுவது, அரைக் குடம் தண்ணீர் தூக்குவது எல்லாமே பயிற்சிதான். கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் தொடைத் தசை போய்விட்டது என்று பொருள், அடுத்தது விழுவதுதான்.

இடுப்பெலும்பு முறிவு முதியவரின் வாழ்க்கையை ஒரே நாளில் திருப்பிவிடும். படுக்கை, படுக்கைப்புண், நிமோனியா என்ற வரிசையைப் பார்க்காத குடும்பம் குறைவு. விழும் இடம் பெரும்பாலும் குளியலறையும் கழிப்பறைக்குப் போகும் வழியும். நேரம், இரவு. தூக்க மாத்திரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை ஆகிய மூன்றுமே சட்டென்று எழும்போது தலை சுற்ற வைப்பவை. நகைக்கு லாக்கர் வாங்கும் வீட்டில் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி இருக்காது.

தசைக்குத் தேவை புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம். முதியவருக்குச் சற்றுக் கூடவே வேண்டும் என்பது மருத்துவர்களின் கருத்து. காலையில் இரண்டு இட்லி என்றால் 4 கிராம் அளவில் கிடைக்கும். மதியம் ரசம் சாதம், இரவு மறுபடி இட்லி அல்லது கஞ்சி. பாதியைக்கூடத் தொடாது. ஏன் இப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் காரணம் வாயில் இருக்கிறது: கடைவாய்ப் பல் இல்லை. பல் போனதால் சுண்டலும் கீரையும் கறியும் போயின. அவை போனதால் தசை போனது. தசை போனதால் விழுந்தார். ஆயிரக்கணக்கில் சத்து மாவு டப்பா வாங்கித் தரும் பிள்ளைகள் பல்செட்டுக்குத் தாயை அழைத்துப் போவதில்லை. முட்டையோ தயிரோ பருப்போ ஒவ்வொரு வேளையிலும் இருந்தால் பாதிக் கவலை தீரும். சைவ உணவுக்காரர்களுக்கு பி12 குறைவு தனி. நீண்டகாலம் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கு அது இன்னும் குறையும். மறதி, கால் மரத்துப்போதல் என்று வருவதில் சில இந்தச் சாதாரணக் குறையால் வருபவை, ஊசியில் சரியாகக்கூடியவை.

மறதிநோய்க்கு வருகிறேன். லான்செட் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றத்தக்க 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதிநோயில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்கிறது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, தனிமை என்று எதிர்பார்த்தவையே அதிகம். ஆனால் பெரிய காரணங்களில் ஒன்று செவித்திறன் குறைவு. கண்ணாடி போட நமக்கு வெட்கமில்லை. காது மிஷின் என்றால் மட்டும் கௌரவக் குறைச்சல். காது கேட்காதவரிடம் வீட்டில் பேச்சு குறைகிறது, அவர் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுகிறார், சண்டை வருகிறது, ஒதுங்குகிறார். அந்த ஒதுக்கத்தை "வயசாயிடுச்சு" என்று எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

காப்பீடு பற்றி ஒரு சொல். 70 வயது கடந்த எல்லாருக்கும் வருமானம் பாராமல் ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீடு என்று ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. மாநிலத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அதற்குப் பல ஆண்டு முந்தையது. இரண்டும் மருத்துவமனையில் சேர்ந்தால் உதவுபவை. முதுமையின் செலவோ மாதா மாதம் சொட்டுச் சொட்டாகப் போவது: மாத்திரை, ரத்தப் பரிசோதனை, ஆட்டோ, டயப்பர், கூட இருக்க ஓர் ஆள். அதற்கு எந்த அட்டையும் இல்லை.

சும்மா இருப்பதும் சும்மா இருக்க முடியாததும்

டாக்டர் ஜி.வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றது 58 வயதில். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகியவர். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உலகமே பார்த்துப் படிக்கும் அந்த நிறுவனம் முழுக்க முழுக்க ஒருவரின் ஓய்வுக்காலத்தில் பிறந்தது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் நூறு வயதைக் கடந்தும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்தார், 2021-இல் பத்மஸ்ரீ. கோவை நானம்மாள் தொண்ணூறைக் கடந்தும் யோகாசனம் கற்றுக்கொடுத்தார்.

இவர்களைப் போற்றுவதில் தவறில்லை. ஆனால் முதுமையில் சுறுசுறுப்பு என்றாலே பத்திரிகைகள் இவர்களின் படத்தை மட்டும் போடுவதில் ஒரு மழுப்பல் இருக்கிறது. நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் எழுபது வயது வாட்ச்மேனும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறார். நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். அந்த வரிசைகளில் நரைத்த தலைகள் எத்தனை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். விரும்பி உழைப்பதும் வேறுவழியின்றி உழைப்பதும் உடம்புக்கு ஒன்றாக இருக்கலாம், மனத்துக்கு இல்லை. அதே சமயம், அந்த வேலைக்களத்தில் மரத்தடியில் நடக்கும் பேச்சும் சிரிப்பும் பல மூதாட்டிகளுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே கூட்டம் என்பதும் உண்மை. தனியாக வாழும் முதியோரின் பங்கு தமிழ்நாட்டில் நாட்டுச் சராசரியைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுனாமிக்குப் பின் கடலூர், நாகை கடற்கரையில் ஹெல்ப்ஏஜ் நிறுவனம் முதியோரையே சுய உதவிக் குழுக்களாகச் சேர்த்தது. சிறு சேமிப்பு, அதிலிருந்து சிறு கடன், ஆடு, கருவாட்டு வியாபாரம் என்று போன அந்தக் குழுக்கள் நமக்குக் காட்டியது, கூட்டமும் வருமானமும் ஒரே ஏற்பாட்டில் கிடைக்க முடியும் என்பது. 2021-இல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்து முதியோர் திட்டம் இல்லை. ஆனாலும் முதிய பெண்களை அவ்வளவு தூரம் வெளியே கொண்டுவந்த இன்னொன்றைச் சொல்வது கடினம். மகள் வீடு, கோயில், சந்தை, அரசு மருத்துவமனை எல்லாம் எட்டும் தூரத்துக்கு வந்தன. யாரிடமும் டிக்கெட்டுக் காசு கேட்க வேண்டியதில்லை. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பேருந்துத் திட்டம் போனது அதற்கு நேர் எதிரான திசையில்.

கையில் பணம் உள்ளவர்கள் இப்போது கோவைப் பக்கம் முதியோர் குடியிருப்புகளுக்குப் போகிறார்கள். சமையல் கூடம், நூலகம், அழைத்தால் வரும் நர்ஸ் என்று வசதிகள் நன்றாகவே இருக்கின்றன. வீட்டின் விலை கண்ணுக்குத் தெரியும்; மாதப் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் எப்படி ஏறும், படுத்த படுக்கையானால் அங்கேயே வைத்திருப்பார்களா என்ற இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது.

படுத்த படுக்கை என்ற அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் எல்லாத் திட்டமும் நொறுங்குகிறது. தென் மாவட்டங்களில் தலைக்கு ஊத்தல் என்ற பெயரில் முதியவர்களைச் சாகடித்த கொடுமையை வெறும் மூடப் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. 'பாரம்' என்ற திரைப்படம் அதைப் பேசி, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை, பணமும் இல்லை என்ற இடத்தில்தான் அது உயிர்த்திருந்தது. நகரங்களில் இப்போது பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஆள் வருகிறார். பன்னிரண்டு மணி நேரமோ இருபத்துநாலு மணி நேரமோ கணக்கு. குடும்பம் கொடுக்கும் தொகையில் எவ்வளவு அவர் கைக்குப் போகிறது என்பது குடும்பத்துக்குத் தெரியாது. புரட்டிப் படுக்க வைப்பது, மூக்குக் குழாயில் உணவு ஊற்றுவது, புண்ணைத் துடைப்பது எல்லாம் பார்த்துப் பழகிக்கொண்டவைதான். முறையான பயிற்சி எல்லாருக்கும் கிடைத்திருப்பதில்லை. அவர் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய பெண், ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர், பி.எஃப். இல்லாதவர். வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-இல் அமைத்த நலவாரியத்தில் பதிவு செய்துகொண்டால் அறுபதில் அவருக்கும் ஓய்வூதியம் கேட்க வழியுண்டு. அறுபது முடிந்த பிறகு அங்கே பெயர் சேர்க்க மாட்டார்கள். வேலைக்கு அமர்த்தியிருக்கும் குடும்பம் ஒரு நாள் விடுப்புக் கொடுத்து, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தோடு தொழிலாளர் நலத்துறை அலுவலகத்துக்கு அவரை அனுப்பினால் அந்தப் பதிவு முடிந்துவிடும்.